பிங் சரி, குரல் மட்டும் உடைகிறது: கிளை ரவுட்டர்களில் ஐபி எஸ்எல்ஏ

கோவைக் கிளையிலிருந்து வந்த புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது. காலை பதினொரு மணி ஆனால் ஐபி போனில் பேச முடியவில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. சேவை நிறுவனத்தில் டிக்கெட் போட்டால் அவர்கள் நூறு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனைப் பாக்கெட், அனுப்பிப் பார்ப்பார்கள், ஒன்றும் தொலைந்திருக்காது, லிங்க் நன்றாக இருக்கிறது என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பிங்கை அவர்கள் அனுப்புவதே மாலை நேரத்தில். எப்போதாவது பதினொரு மணிக்கே பிடித்துக் காட்டினால், "உங்க 4 எம்பி லிங்க் நிரம்பி வழியுது, அலைவரிசையைக் கூட்டிக்கோங்க" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததால்தான் எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. லிங்க் நிரம்பியது உண்மை. ஆனால் குரலுக்கென்று தனி வகுப்பை, அதாவது இஎஃப் வகுப்பை, 512 கேபிபிஎஸ் அளவுக்குத் தனியாகப் பணம் கட்டி வாங்கியிருக்கிறோம். மற்ற போக்குவரத்து எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் குரல் தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்குத்தானே அந்தப் பணம்? அது நடக்கிறதா இல்லையா என்று காட்ட எங்கள் கையில் ஓர் எண்ணும் இல்லை. அந்த எண்ணை ரவுட்டர்களிடமிருந்தே எடுத்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்தில், வாயால் சொல்கிற மாதிரியே கொடுத்திருக்கிறேன். சிஸ்கோவில் வேலை செய்தவர்களுக்குப் பார்த்ததும் புரியும்.

முதலில் அமைப்பு. சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு ஐஎஸ்ஆர் 4331 ரவுட்டர், அங்கே 20 எம்பி (செகண்டுக்கு 20 மெகாபிட்) எம்பிஎல்எஸ், அதாவது சேவை நிறுவனத்தின் வலை வழியாக அலுவலகங்களை இணைக்கும் தனி இணைப்பு. கோவை, மதுரை, ஓசூர் கிளைகளில் 1941-ம் 4221-ம் கலந்து இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 4 எம்பி எம்பிஎல்எஸ். மாற்று வழியாக வேறொரு நிறுவனத்தின் சாதாரண இணைய இணைப்பும் அதன் மேல் ஐபிசெக் டனலும் (மறையாக்கம் செய்த பாதை) உண்டு. அலுவலக போன் எக்ஸ்சேஞ்சான பிபிஎக்ஸ் சென்னையில் இருக்கிறது, ஆகவே கிளைகளின் பேச்சு பெரும்பாலும் சென்னையோடுதான். திருநெல்வேலியில் மட்டும் வேறு நிறுவனத்தின் ரவுட்டர், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிங்கை நம்பி ஏன் முடிவு எடுக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகத்திலேயே பலர் இதைக் கேட்டார்கள். சாதாரணமாக அனுப்பும் பிங் சாதாரண வகுப்பில் போகிறது, குரல் போகும் வரிசையை அது தொடுவதே இல்லை. அது போய்த் திரும்பும் மொத்த நேரத்தை மட்டும் சொல்லும், எந்தத் திசையில் தாமதம் என்று சொல்லாது. ரவுட்டருக்கே அனுப்பும் பிங்குக்கு ரவுட்டரின் சிபியு பதில் சொல்கிறது. அதற்கு அதைவிட முக்கியமான வேலைகள் இருப்பதால், லிங்கில் ஒரு குறையும் இல்லாதபோதே பிங் 80 மில்லிசெகண்ட் காட்டும். அப்புறம், செகண்டுக்கு ஒரு பாக்கெட் போகும் பிங்கும் செகண்டுக்கு 50 பாக்கெட் போகும் குரலும் நெரிசலைச் சந்திக்கும் விதமே வேறு. குரல் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால், குரலைப் போன்ற பாக்கெட்டுகளை, குரல் போகும் அதே வகுப்பில், இரண்டு திசையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

சிஸ்கோ ரவுட்டரில் இதற்கென்றே இருப்பதுதான் ஐபி எஸ்எல்ஏ. ஒரு ரவுட்டர் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பும், எதிர்முனை ரவுட்டர் ரெஸ்பாண்டராக இருந்து பதில் அனுப்பும். முதலில் யுடிபி 1967 போர்ட்டில் ஒரு கட்டுப்பாட்டுச் செய்தி போகிறது: "இந்தப் போர்ட்டை இவ்வளவு நேரம் திறந்து வை." ரெஸ்பாண்டர் சரி என்றதும் உண்மையான சோதனைப் பாக்கெட்டுகள் வரிசை எண்ணோடு கிளம்புகின்றன. ரெஸ்பாண்டர் ஒவ்வொன்றிலும் வந்த நேரத்தையும் திருப்பி அனுப்பிய நேரத்தையும் குறிப்பதால், அந்த ரவுட்டர் தனக்குள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துவிடலாம். சிபியு பிஸியாக இருப்பதால் வரும் பொய்த் தாமதம் பெரும்பாலும் இப்படித்தான் நீங்குகிறது. இந்தப் பேச்சுமுறையை 2013-இல் ஆர்எஃப்சி 6812 என்று ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

கிளை ரவுட்டரில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி:

ஐபி எஸ்எல்ஏ ரெஸ்பாண்டர்

அதோடு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. இந்த வரியைப் போட்டதும் அந்த ரவுட்டர் 1967-இல் காது கொடுக்கத் தொடங்குகிறது, இணையத்தை நோக்கிய இன்டர்ஃபேஸிலும் சேர்த்து. ஆகவே இணையப் பக்கத்து ஏசிஎல்-இல், அதாவது அனுமதிப் பட்டியலில், 1967-ஐ மூடினோம், உள்ளே சென்னை ரவுட்டரின் லூப்பேக் முகவரியிலிருந்து வருவதை மட்டும் அனுமதித்தோம். நடுவில் ஃபயர்வால் இருந்தால் 1967-ஐ மட்டும் திறந்தால் போதாது, சோதனைப் பாக்கெட் போகும் போர்ட்டையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுப்பாட்டுச் செய்தி வெற்றி, சோதனை மொத்தமும் தோல்வி என்று குழப்பமான முடிவு வரும்.

சென்னையில் எழுதியது இது, கோவைக்கு மட்டும் எடுத்துக்காட்டாக:

ஐபி எஸ்எல்ஏ 110
யுடிபி-ஜிட்டர் 10.20.255.1 16400 சோர்ஸ்-ஐபி 10.10.255.1 கோடெக் ஜி711ஏலா
டாஸ் 184
ஃப்ரீக்வென்சி 60
டேக் கோவை-இஎஃப்

ஐபி எஸ்எல்ஏ 111
யுடிபி-ஜிட்டர் 10.20.255.1 16402 சோர்ஸ்-ஐபி 10.10.255.1 கோடெக் ஜி711ஏலா
டாஸ் 0
ஃப்ரீக்வென்சி 60
டேக் கோவை-சாதா

ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல் 110 லைஃப் ஃபார்எவர் ஸ்டார்ட்-டைம் நவ்
ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல் 111 லைஃப் ஃபார்எவர் ஸ்டார்ட்-டைம் நவ்

இரண்டும் ஒரே சோதனை, ஒரே முகவரிக்கு. போர்ட் எண்ணையும் பெயரையும் விட்டால் வித்தியாசம் டாஸ், அதாவது பாக்கெட்டின் வகுப்பைச் சொல்லும் குறி, மட்டும்தான். இந்த ஜோடிதான் இந்த வேலையின் உயிர். இஎஃப் சோதனையை மட்டும் வைத்திருந்தால் குரல் கெட்டது தெரியும், ஏன் கெட்டது என்று தெரியாது. பக்கத்திலேயே சாதாரண வகுப்புச் சோதனையும் ஓடினால், குரலுக்கு முன்னுரிமை கிடைக்கிறதா இல்லையா என்று இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

184 எங்கிருந்து வந்தது என்றால், இஎஃப்-இன் டிஎஸ்சிபி மதிப்பு 46. டாஸ் என்பது எட்டு பிட், டிஎஸ்சிபி அதன் மேல்பக்க ஆறு பிட், எனவே நான்கால் பெருக்க வேண்டும், 46 நான்கு மடங்கு 184. இங்கே 46 என்றே போட்டுவிட்டால் ரவுட்டர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், பாக்கெட் வேறு ஏதோ வகுப்பில் போகும், நீங்கள் பார்க்கிற எண்ணுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் சோதனையைத் தொடங்கியதும் 'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்' போட்டு, குரல் வகுப்பின் எண்ணிக்கை நிமிடத்துக்கு ஆயிரம் கூடுகிறதா என்று பாருங்கள். கிளை ரவுட்டரிலும் இதையே பாருங்கள், பதில் பாக்கெட்டும் அதே வகுப்பில் கிளம்ப வேண்டும்.

கோடெக் (குரலை எண்ணாக்கும் முறை) என்று கொடுத்தால் ரவுட்டரே குரல் போன்ற பாக்கெட்டுகளைத் தயாரிக்கும்: 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக ஆயிரம் பாக்கெட், ஆக ஒரு சோதனை 20 செகண்ட் ஓடும். ஜி711-க்கு ஒரு பாக்கெட்டில் 172 பைட், ஐபி, யுடிபி தலைப்புகள் சேர்த்து 200 பைட், செகண்டுக்கு 50 பாக்கெட் என்றால் 80 கேபிபிஎஸ். கிட்டத்தட்ட ஒரு போன் அழைப்பு. 512 கேபிபிஎஸ் குரல் வகுப்பில் ஆறு அழைப்புதான் போகும், அதில் ஒன்றின் இடத்தை நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இந்தச் சோதனை எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு அது கட்டுப்படியானது, கிளையில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுவதே அரிது. சின்ன லிங்க் உள்ளவர்கள் குறைந்த இடம் எடுக்கும் ஜி729ஏ கோடெக் வைக்கலாம், அல்லது கோடெக்-நம்பாக்கெட்ஸ் என்று சேர்த்து எண்ணிக்கையைக் குறைக்கலாம். அளப்பதற்காக ஓடும் சோதனையே குரலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைஃப் ஃபார்எவர் என்பதை விட்டுவிட்டால் சோதனை 3600 செகண்ட், அதாவது ஒரு மணி நேரம், ஓடி நின்றுவிடும், இயல்பான மதிப்பு அதுதான். ஷெட்யூல் வரியே இல்லையென்றால் கட்டமைப்பு எல்லாம் சரியாகத் தெரியும், ஒரு பாக்கெட்கூடக் கிளம்பாது. ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை எங்கள் ரவுட்டர்களில் திருத்த முடியவில்லை, ஷெட்யூலை நீக்கிவிட்டு, மாற்றி எழுதி, மறுபடி ஷெட்யூல் செய்ய வேண்டியிருந்தது. நிறையக் கிளை இருந்தால் எல்லாச் சோதனையும் ஒரே நொடியில் கிளம்பாதபடி குரூப் ஷெட்யூல் போட்டு ஒரு நிமிடத்துக்குள் பரப்பிவிடுவது நல்லது. 12.4-க்கும் முந்தைய ஐஓஎஸ் உள்ள பழைய ரவுட்டரைப் பரணிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் 'ஐபி எஸ்எல்ஏ மானிட்டர்' என்றோ, இன்னும் பழையதென்றால் 'ஆர்டிஆர்' என்றோதான் கட்டளை இருக்கும், வேலை ஒன்றுதான்.

அடுத்தது கடிகாரம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு திசைத் தாமதத்தை அளக்க வேண்டுமானால் இரண்டு ரவுட்டர் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். சென்னையில் கிளம்பிய நேரத்தைச் சென்னைக் கடிகாரம் சொல்கிறது, கோவையில் சேர்ந்த நேரத்தைக் கோவைக் கடிகாரம் சொல்கிறது. இரண்டுக்கும் ஐந்து மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால் கணக்கே தப்பு. என்டிபி, அதாவது வலை வழியாகக் கடிகாரங்களைச் சரிசெய்யும் முறை, மூலம் ஒத்திசைவு இல்லையென்றால் ஒருவழித் தாமதம் இருக்கும் இடத்தில் பூஜ்யம்தான் வரும். எங்கள் என்டிபி ஏற்கெனவே என்ஐசி, என்பிஎல் என்ற அரசு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவற்றோடு நேரத்தை ஒத்திசைக்கச் சொல்லி அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு போட்டபோதே அப்படி மாற்றிவிட்டோம். கிளைகள் சென்னை ரவுட்டரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கின்றன.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போகும் வழியும் வரும் வழியும் சமமான நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டுதான் என்டிபி கணக்குப் போடுகிறது. நாம் சந்தேகப்படுவதோ ஒரு திசை மட்டும் தாமதமாகிறது என்பதை. அதே லிங்க் வழியாகவே என்டிபியும் போனால், நெரிசல் நேரத்தில் கிளைக் கடிகாரம் கொஞ்சம் நகரும், ஒருவழித் தாமதம் அந்த அளவுக்குப் பொய் சொல்லும். இதனால் ஒருவழித் தாமதத்தை நான் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஜிட்டருக்கும் இழப்புக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. ஜிட்டர் என்பது அடுத்தடுத்த பாக்கெட்டுகளுக்கு இடையிலான தாமத வித்தியாசம், கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடினாலும் கழித்தலில் அது அடிபட்டுப் போய்விடும். இழப்பு வரிசை எண்ணை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆக, சேவை நிறுவனத்தின் முன் வைக்க வேண்டிய ஆதாரம் இந்த இரண்டும்தான். கடிகாரத்தைக் காட்டி அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

சரி, முடிவுகளுக்கு வருவோம். 'ஷோ ஐபி எஸ்எல்ஏ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 110' போட்டால் கடைசிச் சோதனையின் விவரம் வரும்: போய்வரும் நேரம், இரண்டு திசைக்கும் தனித்தனியே ஜிட்டர், தனித்தனியே இழப்பு, கடைசியில் குரல் தரத்துக்கான எம்ஓஎஸ் மதிப்பெண். எம்ஓஎஸ் 1 முதல் 5 வரையான அளவு. ஆனால் ஜி711-க்கு ஒரு குறையும் இல்லாத லிங்கில்கூட 4.34-க்கு மேல் வராது, ஜி729ஏ-க்கு 4.06. "ஏன் 5 வரவில்லை" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மாலை நேரத்தில் கோவைக்குப் போய்வரும் நேரம் 13 மில்லிசெகண்ட். இது நியாயமான எண்தான். ஃபைபரில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும், சென்னையிலிருந்து கோவை சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர், கேபிள் அந்தத் தூரம் மட்டும் போனாலே போய்வர 5 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேபிள் சுற்றிப் போகும், நடுவில் கருவிகள் இருக்கும். இந்த அடிப்படைக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, எது தூரத்தால் வருவது, எது நெரிசலால் வருவது என்று பிரித்துப் பார்க்கலாம்.

காலை பதினொரு மணிக்கு மேல் கோவை என்ன காட்டியது என்றால், சாதாரண வகுப்புச் சோதனையில் போய்வரும் நேரம் 110 மில்லிசெகண்டைத் தாண்டியது, சென்னையிலிருந்து கோவை திசையில் ஆயிரத்துக்கு நாற்பது பாக்கெட் வரை தொலைந்தது. இதில் ஆச்சரியமில்லை, அந்த நேரத்தில்தான் கோவையில் சென்னை சர்வரிலிருந்து வரைபடக் கோப்புகளை இறக்குகிறார்கள். ஆனால் இஎஃப் சோதனையும் அச்சு அசல் அதையே காட்டியது! அதே தாமதம், அதே திசையில் அதே அளவு இழப்பு, எம்ஓஎஸ் 3.5-ஐ ஒட்டி. எதிர்த்திசையில், கோவையிலிருந்து சென்னைக்கு, இழப்பு பூஜ்யம், ஜிட்டர் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட். கோவைக் கிளை மேலாளர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: "நாங்க பேசறது உங்களுக்குச் சுத்தமா கேக்குதுங்க, உங்க பேச்சுதான் எங்களுக்கு விட்டு விட்டு வருதுங்க." அவருடைய காது சரியாகத்தான் அளந்திருக்கிறது.

அதே நேரத்தில் மதுரையைப் பாருங்கள். அங்கேயும் லிங்க் நிரம்பித்தான் இருந்தது, சாதாரண வகுப்பு 100 மில்லிசெகண்டைத் தாண்டியது, இழப்பும் இருந்தது. இஎஃப் சோதனையோ 12 மில்லிசெகண்டில் அசையாமல் நின்றது, இழப்பு பூஜ்யம், எம்ஓஎஸ் 4.34. மதுரையில் குரலுக்கு முன்னுரிமை கிடைக்கிறது, கோவையில் கிடைக்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே ஒப்பந்தம், ஒரே அளவு லிங்க்.

ஏன் சென்னையிலிருந்து கோவை திசையில் மட்டும்? சென்னையில் 20 எம்பி இருக்கிறது, அங்கே நெரிசல் இல்லை. பாக்கெட்டுகள் சேவை நிறுவனத்தின் வலைக்குள் தாராளமாகப் போகின்றன, கோவையில் அவர்களுடைய பிஇ ரவுட்டரிலிருந்து (வாடிக்கையாளரை இணைக்கும் விளிம்பு ரவுட்டர்) 4 எம்பி குழாயில் இறங்கும் இடத்தில்தான் வரிசை நீள்கிறது. அந்த வரிசையில் யாரை முன்னே விடுவது என்று முடிவு செய்வது அவர்களுடைய ரவுட்டர். எங்கள் ரவுட்டரில் நாங்கள் என்ன க்யூஓஎஸ் (முன்னுரிமை விதி) எழுதினாலும் அங்கே செல்லாது. கோவையிலிருந்து வெளியே போகும் திசையை எங்கள் ரவுட்டர் ஷேப் செய்து, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஒழுங்குபடுத்துகிறது, அது சுத்தமாக இருப்பதும் இதனால்தான்.

அவர்களிடம் போவதற்கு முன்னால் இன்னொன்றையும் உறுதி செய்துகொண்டோம். இஎஃப் குறி வழியில் எங்கேயாவது அழிக்கப்படுகிறதா என்ற கேள்வி வரும். கோவை ரவுட்டரின் வான் (வெளி இணைப்பு) பக்கத்தில் உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கு ஓர் ஏசிஎல் வைத்து, டிஎஸ்சிபி இஎஃப் உள்ளவற்றைத் தனியாக எண்ணினோம். குறி அழியாமல்தான் வந்து சேர்கிறது. அப்படியானால் பாக்கெட்டில் குறை இல்லை, கடைசி இடத்து வரிசைக்குத்தான் குறியைப் பார்க்கத் தெரியவில்லை. இதை எழுதி, இரண்டு கிளைகளின் கிராஃபையும் பக்கம் பக்கமாக வைத்து, "கோவை பிஇ போர்ட்டின் வெளிச்செல்லும் க்யூஓஎஸ் பாலிசியைச் சரிபார்க்கவும்" என்று ஒரே வரியில் கேட்டோம்.

முதல் பதில் வழக்கமானது: மாத சராசரி ஒப்பந்த எல்லைக்குள் இருக்கிறது. அது உண்மையும்கூட. எங்கள் ஒப்பந்தத்தில் மாத சராசரி 60 மில்லிசெகண்ட், இழப்பு 0.5 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு நாளில் 23 மணி நேரம் 13 மில்லிசெகண்ட், ஒரு மணி நேரம் 110 என்று வைத்துக்கொண்டால் சராசரி 17 வரும். அந்த ஒரு மணி நேரத்தில் 4 சதவீத இழப்பு, மற்ற நேரம் பூஜ்யம் என்றால் நாள் சராசரி 0.17 சதவீதம். தினமும் ஒரு மணி நேரம் யாரும் பேச முடியாத லிங்க், காகிதத்தில் ஒப்பந்தப்படி தாராளமாகத் தேறிவிடும். புதிதாக ஒப்பந்தம் போடப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சராசரியை ஏற்காதீர்கள். வேலை நேரத்துக்கு மட்டும், வகுப்புவாரியாக, ஒவ்வொரு திசைக்கும், மணிக்கணக்கில் எழுதச் சொல்லுங்கள். கிடைத்துவிடும் என்று உறுதி இல்லை, கேட்காவிட்டால் நிச்சயமாகக் கிடைக்காது. லிங்க் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்ற கணக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 99.5 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும், 30 நாள் மாதத்தில் அது 3 மணி 36 நிமிடம் படுத்துக்கிடக்க அனுமதி.

மதுரை கிராஃபைப் பார்த்த பிறகு அவர்கள் பக்கத்துப் பொறியாளர் ஒருவர் அக்கறையாகத் தேடினார். கோவை இணைப்பை வேறொரு போர்ட்டுக்கு மாற்றியபோது அலைவரிசை எல்லையை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள், க்யூஓஎஸ் பாலிசி அங்கே ஒட்டப்படவே இல்லை. ஒட்டினார். அடுத்த வேலை நாள் பதினொரு மணிக்கு இஎஃப் கோடு 13-இல் நின்றது, சாதா கோடு வழக்கம்போல மேலே போனது. அலைவரிசையைக் கூட்ட ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை.

கிராஃப் எப்படி எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், இதில் சின்னதாகத் தோன்றும் ஒரு விஷயம் முழு வேலையையும் வீணாக்கிவிடும். ரவுட்டர் இந்த எண்களை சிஸ்கோ-ஆர்டிடிமான் மிப் வழியாக எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறையில் கொடுக்கிறது, ஓஐடி 1.3.6.1.4.1.9.9.42-க்குக் கீழே. எம்ஓஎஸ் நூறால் பெருக்கி 434 என்று வரும். லிப்ரே-என்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஐபி எஸ்எல்ஏ சோதனைகளைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும், தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் எஸ்என்எம்பி கொடுப்பது கடைசிச் சோதனையின் முடிவை. சோதனை நிமிடத்துக்கு ஒன்று, கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது என்றால், ஐந்தில் நான்கு முடிவுகள் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். நாங்கள் கேட்கும் இடைவெளியையும் ஒரு நிமிடமாக்கினோம். அப்புறம் பழைய தரவைச் சுருக்கும்போது சராசரியோடு அதிகபட்சத்தையும் சேர்த்து வைக்கச் சொன்னோம். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த ஒரு மணி நேரம் மேடு தட்டிச் சமமாகியிருக்கும்.

எச்சரிக்கைக்கு ரியாக்‌ஷன் வைத்தோம்:

ஐபி எஸ்எல்ஏ ரியாக்‌ஷன்-கான்ஃபிகரேஷன் 110 ரியாக்ட் ஜிட்டர்எஸ்டிஆவ்ஜி த்ரெஷோல்ட்-வேல்யூ 30 20 த்ரெஷோல்ட்-டைப் கன்செக்யூட்டிவ் 3 ஆக்‌ஷன்-டைப் ட்ராப்ஒன்லி
ஐபி எஸ்எல்ஏ லாகிங் ட்ராப்ஸ்

ஜிட்டர் தொடர்ந்து மூன்று முறை 30-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 20-க்குக் கீழே இறங்கினால் முடிந்தது என்ற செய்தி. கன்செக்யூட்டிவ்-க்குப் பதில் இமீடியட் என்று வைத்தால் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் மெயில் வரும், ஒரு வாரத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். இழப்புக்கும் இரண்டு திசைக்கும் தனித்தனியே இதே போல.

இதே ஐபி எஸ்எல்ஏ-வை வைத்து எம்பிஎல்எஸ் விழுந்தால் டனலுக்கு மாறும் வேலையையும் முடித்தோம். கிளை ரவுட்டரில் சென்னையை நோக்கி 5 செகண்டுக்கு ஒரு ஐசிஎம்பி-எக்கோ (பிங் போன்ற சோதனை), மில்லிசெகண்டில் டைம்அவுட் 1000, த்ரெஷோல்ட் 500, அதை 'ட்ராக் 5 ஐபி எஸ்எல்ஏ 5 ரீச்சபிலிட்டி' என்று கட்டி, டிலே டவுன் 15 அப் 60 கொடுத்து, எம்பிஎல்எஸ் பக்கத்து ஸ்டாட்டிக் ரூட்டில் (கையால் எழுதிய வழி) அந்த ட்ராக்கைச் சேர்த்தோம். த்ரெஷோல்ட் டைம்அவுட்டைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது, இயல்பு மதிப்பு இரண்டுக்குமே 5000, அதனால் த்ரெஷோல்டை முதலில் குறைத்துவிட்டு டைம்அவுட்டுக்குப் போங்கள். ரீச்சபிலிட்டிக்குப் பதில் ஸ்டேட் என்று போட்டால் பதில் த்ரெஷோல்டைத் தாண்டித் தாமதமாக வந்தாலே லிங்க் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும், நெரிசல் நேரத்தில் தேவையில்லாமல் ரூட் மாறக்கூடும்.

இதில் மறக்கவே கூடாத ஒன்று: சோதனை போகும் முகவரிக்கு எம்பிஎல்எஸ் வழியாக மட்டுமே போகும்படி தனியாக ஒரு ஹோஸ்ட் ரூட் வேண்டும். அது இல்லாவிட்டால், எம்பிஎல்எஸ் விழுந்ததும் ரூட் டனலுக்கு மாறும், சோதனையும் டனல் வழியாகவே போய் வெற்றி பெறும், ஆகா லிங்க் வந்துவிட்டது என்று ரவுட்டர் மறுபடி செத்த எம்பிஎல்எஸ்-க்கே ரூட்டைத் திருப்பும், சோதனை தோற்கும், இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். லோக்கல் பாலிசி ரூட்டிங் வைத்தும் இதைச் செய்யலாம், எனக்கு ஹோஸ்ட் ரூட் எளிமையாகப் படுகிறது.

ஓசூரில் நேர்மாறான அனுபவம். அங்கேயும் குரல் உடைகிறது என்று புகார், ஆனால் இஎஃப், சாதா இரண்டு சோதனையும் நாள் முழுக்கச் சுத்தம். இந்தச் சோதனை ரவுட்டரிலிருந்து ரவுட்டர் வரைதான் பார்க்கிறது, அதற்கு அப்பால் கிளைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. லேன் பக்கம் போய்ப் பார்த்தால், போன்கள் மாட்டிய பழைய சுவிட்சின் அப்லிங்க் ஒரு முனையில் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருவழி), மறுமுனையில் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒருவழி). பாக்கெட் மோதலைக் காட்டும் லேட் கொலிஷன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு முனையையும் ஆட்டோவுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். சேவை நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாமல் நேராகச் சுவிட்சுக்குப் போக முடிந்ததும் இந்த எண்களால்தான்.

திருநெல்வேலி ரவுட்டரில் சிஸ்கோ ரெஸ்பாண்டர் கிடையாது, ரெஸ்பாண்டர் இல்லாமல் யுடிபி-ஜிட்டர் ஓடாது. இப்போதைக்கு அங்கே டாஸ் 184, டாஸ் 0 என்று இரண்டு ஐசிஎம்பி-எக்கோ மட்டும் வைத்திருக்கிறோம். திசை பிரித்துச் சொல்லாது, ஆனாலும் இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று காட்டும். வெவ்வேறு நிறுவன ரவுட்டர்களுக்குப் பொதுவாக டுவாம்ப் என்ற அளவீட்டு முறை இருக்கிறது, 2008-இன் ஆர்எஃப்சி 5357. ஜூனிப்பரில் ஆர்பிஎம், ஹுவாவேயில் என்க்யூஏ என்று அவரவர்க்குச் சொந்த வழியும் உண்டு. அந்தக் கிளைக்கு ரவுட்டர் மாற்றும் நேரம் வரும்போது டுவாம்ப் தெரிந்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கோவை சரியானதும் 110, 111 இரண்டையும் நிறுத்திவிடலாமே என்று கேட்டார்கள். நிறுத்தவில்லை. போர்ட் மாற்றம் ஒருமுறை நடந்தால் இன்னொருமுறையும் நடக்கும், அப்போதும் யாராவது அலைவரிசை எல்லையை மட்டும் எடுத்துப் போகக்கூடும். சேவை நிறுவனம் பராமரிப்பு இரவு என்று மெயில் அனுப்பும்போதெல்லாம், மறுநாள் பதினொன்றரை மணிக்கு எல்லாக் கிளைகளின் இஎஃப் கோட்டையும் சாதா கோட்டையும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். இரண்டும் சேர்ந்து ஏறினால், கிளையிலிருந்து போன் வருவதற்கு முன்பே டிக்கெட் போய்விடும்.